பொறுத்துக்கொள்ளச் சொல்லும் மருத்துவம்: மேமோகிராம் வலி குறித்து ஒரு மறுப்பு

மார்பகப் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டறிவதற்காக, மார்பகத்தை இரு தட்டுகளுக்கு இடையே வைத்து அமுக்கி எடுக்கப்படும் எக்ஸ்ரே படம் மேமோகிராம் எனப்படுகிறது. அது பல பெண்களுக்கு வலி தருகிறது என்பதை மருத்துவ உலகம் மறுப்பதில்லை. ஆனால் அந்த வலியை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதில் அங்கே நெடுங்காலமாக ஒரு கருத்து ஊன்றி நிற்கிறது. வலி சில நொடிகளே நீடிக்கிறது. எவ்வளவு இறுக்கி அமுக்கப்படுகிறதோ அவ்வளவு தெளிவாகப் படம் விழுகிறது, ஆகவே வலி அந்தத் தெளிவுக்குக் கொடுக்கும் விலை. மிகுதியாக வலிக்கிறது என்று சொல்பவர்கள் அச்சத்தோடு வருபவர்கள். வலியைப் பற்றி முன்கூட்டியே பேசினால் வரவிருப்பவர்களும் வராமல் போவார்கள். உயிரைக் காக்கும் பரிசோதனையில் இதைப் பெரிதுபடுத்துவது பொருந்தாது என்பவை அந்தக் கருத்தின் ஐந்து கிளைகள். ஒன்று தளரும்போது மற்றொன்று முட்டுக்கொடுப்பதால் இவை உறுதியானவை போலத் தோன்றுகின்றன. தனித்தனியே நிறுத்திச் சான்றுகளோடு ஒப்பிட்டால் எதுவும் தன் காலில் நிற்பதில்லை. மேமோகிராமில் நேரும் கடுமையான வலி பெரும்பாலும் அந்தப் பரிசோதனை நடத்தப்படும் முறையில் உள்ள குறையின் அடையாளமே என்பதும், அதைப் பெண்ணின் பொறுமையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது அறிவியலுக்கும் அறத்துக்கும் ஒவ்வாதது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எதிர்த்தரப்பு வாதத்தில் உண்மையான பகுதி எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது முறை. மார்பகத்தை அமுக்காமல் நல்ல மேமோகிராம் எடுக்க முடியாது. சுரப்பித் திசுவும் கொழுப்பும் இணைப்புத் திசுவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் அந்த உறுப்பை அப்படியே படமெடுத்தால், ஒரு திசுவின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்து, இருக்கும் கட்டியை மறைத்துவிடவோ இல்லாத கட்டியை இருப்பதுபோல் காட்டிவிடவோ கூடும். அமுக்கும்போது அடுக்குகள் பிரிந்து பரவுகின்றன. தடிமன் குறைவதால் தேவைப்படும் கதிர்வீச்சின் அளவு குறைகிறது. கதிர்கள் திசுவுக்குள் திசைமாறிச் சிதறுவது குறைந்து படத்தின் மங்கல் நீங்குகிறது. உறுப்பு அசையாமல் நிற்பதால் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளும் கூர்மையாகத் தெரிகின்றன. உருகுவே நாட்டு மருத்துவர் ராவுல் லெபோர்ன் ஏறத்தாழ 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தேவையை வலியுறுத்தியது முதல் இது மறுக்கப்படாத அடிப்படையாக இருந்து வருகிறது. அமுக்குவதால் புற்றணுக்கள் உடலெங்கும் பரவிவிடும் என்று சிலர் பரப்பும் அச்சத்துக்கும் சான்று இல்லை. ஆகவே இங்கே அமுக்குதலின் தேவை ஏற்கப்படுகிறது. அமுக்குதல் தேவை என்ற உண்மையிலிருந்து வலியும் தேவை என்ற முடிவுக்குத் தாவுவது மட்டுமே மறுக்கப்படுகிறது.

அந்தத் தாவலின் முதல் பிழை, ஸ்கிரீனிங் என்பதன் இயல்பை மறந்துவிடுவதில் இருக்கிறது. நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களை அழைத்து, அவர்களுள் யாரிடமேனும் நோய் மறைந்திருக்கிறதா என்று தேடும் பரிசோதனையே ஸ்கிரீனிங். காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறவர் ஊசியின் வலியைப் பொறுத்துக்கொள்வதற்கும், நலமாக இருக்கும் ஒருவரை அரசு கடிதம் எழுதி வரவழைத்து வலிக்கு உட்படுத்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னவர் தம் துன்பத்துக்கு மருந்து தேடி வருகிறார், பின்னவர் துன்பமற்ற நிலையிலிருந்து அழைத்து வரப்படுகிறார். பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான தனிக்குழு 2012-இல் மதிப்பிட்டபடி, 50 வயது தொடங்கி 20 ஆண்டுகளுக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேர் மார்பகப் புற்றுநோயால் இறப்பது தவிர்க்கப்படுகிறது. 43 உயிர்கள் எந்த நாட்டிலும் சிறிய எண்ணிக்கை ஆகா. ஆயினும் அந்த 43 பேர் யார் என்பது முன்கூட்டித் தெரியாததால், அமுக்கத்தை வருகிற எல்லோரும் ஏற்கிறார்கள், உயிர்காப்பு சிலருக்கே கிட்டுகிறது. இவ்வாறு பலர்மேல் பரப்பி வைக்கப்படும் சுமையை இயன்ற அளவு இலகுவாக்கும் கடமை அழைத்தவரைச் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968-இல் வகுத்துக்கொடுத்த, இன்றும் பரவலாக எடுத்தாளப்படும் பத்து நெறிகளுள், பரிசோதனை மக்கள் ஏற்றுக்கொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஆக, உயிர் காக்கும் பரிசோதனையில் வலியைப் பேசலாகாது என்போர், அப்பரிசோதனையை நியாயப்படுத்தும் நெறிகளுள் ஒன்றையே விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

சில நொடிகள்தானே என்ற வாதம் கடிகாரத்தின்படி சரி. பரிசோதனையின் அமைப்பின்படி தவறு. வழக்கமான மேமோகிராமில் ஒவ்வொரு மார்பகமும் மேலிருந்து கீழாக ஒரு முறையும், பக்கவாட்டில் சாய்வாக ஒரு முறையுமாக, மொத்தம் நான்கு முறை அமுக்கப்படுகிறது. நெதர்லாந்தில் 50 முதல் 75 வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை அழைப்பு அனுப்பப்படுகிறது. இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 71ஆம் பிறந்தநாள் வரை மூன்றாண்டுக்கு ஒரு முறை. எல்லா அழைப்புகளையும் ஏற்கும் நெதர்லாந்துப் பெண்ணுக்குப் பன்னிரண்டு சுற்றுகள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் அமுக்கம் நாற்பத்தெட்டு முறை நிகழ்கிறது. ஸ்கிரீனிங் தன் பயனைத் தருவது ஒரே ஒரு படத்தால் அன்று. சென்ற முறை எடுத்த படத்தோடு இம்முறைப் படத்தை ஒப்பிட்டு, இடையில் தோன்றிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் தொடர்ச்சியால்தான். தொடர்ந்து வருதலையே உயிராகக் கொண்ட ஒரு முறையில், முதல் வருகையின் வலி அடுத்த வருகையின் நினைவாக மாறிவிடுகிறது என்பதால், அதன் நீளத்தை நொடியால் அளப்பதில் பொருள் இல்லை. அடுத்த அழைப்புக் கடிதம் வரும் வரையிலான ஆண்டுகளால்தான் அளக்க வேண்டும்.

இதற்குச் சான்று ஊகத்தில் இல்லை, எண்களில் இருக்கிறது. ஒரு பொருள் பற்றி வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும் வரையறுத்த நெறிப்படி திரட்டி எடைபோடுவதை முறைசார் மீளாய்வு என்பர். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட அத்தகைய மீளாய்வு, ஒரு முறை வந்துவிட்டு மறுமுறை வராத பெண்களிடம் காரணம் கேட்டு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவர்களில் 25 முதல் 46 விழுக்காட்டினர் வலியைக் காரணமாகக் கூறியிருந்தனர். இங்கிலாந்தின் நிலவரத்துக்கு இதைப் பொருத்தினால் ஆண்டுக்கு 47,000 முதல் 87,000 பெண்கள் ஆகிறார்கள் என்று அம்மீளாய்வு கணக்கிட்டது. படத்தின் தரத்தை முன்னிறுத்தி வலியை நியாயப்படுத்துவோர் விடை சொல்ல வேண்டிய இடம் இது. எந்தக் கருவியிலும் எந்த அமுக்கத்திலும் எடுக்கப்படக்கூடிய படங்களுள் மிக மோசமானது, பெண் வராததால் எடுக்கப்படாமலே போன படம்தான். அந்த இழப்பு எந்த மருத்துவமனையின் தரப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வந்தவர்களின் படங்கள் மட்டுமே அங்கே மதிப்பெண் பெறுவதால், வலியால் விலகியவர்கள் கணக்கிலிருந்தும் விலகிவிடுகிறார்கள்.

அடுத்து, இறுக்கம் கூடக் கூடத் தெளிவு கூடும் என்ற இரண்டாம் கிளை. ஐந்தனுள் அறிவியல் தோற்றம் மிகுந்தது இதுவே என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. மென்மையான திசுவை அமுக்கும்போது தொடக்கத்தில் சிறிய விசைக்கே தடிமன் விரைந்து குறைகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு விசையை எவ்வளவு கூட்டினாலும் தடிமன் மிகச் சிறிதளவே குறைகிறது, வலியோ அந்த எல்லைக்குப் பிறகுதான் விரைந்து ஏறுகிறது. ஆஸ்திரேலியாவில் 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று எவ்வளவு அமுக்கினால் போதும் என்ற கேள்வியை நேரடியாகவே எழுப்பியது. விசையைக் குறைத்தபோதும் ஒரு பகுதிப் பெண்களின் மார்பகத் தடிமனில் மாற்றமே இல்லை என்று அது கண்டது. அப்பெண்களைப் பொறுத்தவரை, கூடுதலாகக் கொடுக்கப்பட்ட விசை படத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. அது முழுவதும் வலியாகவே போய்ச் சேர்ந்தது.

அந்த விசை எங்கே போய் விழுகிறது என்பதையும் ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் மால்மோவில், அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடுகளை மார்பகத்துக்கும் தட்டுக்கும் இடையே வைத்து அளந்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். பல பெண்களிடம் விசையின் பெரும்பகுதி மார்பகத்தின் மேல் பரவாமல், மார்புச் சுவரை ஒட்டிய விளிம்பிலேயே குவிந்திருந்தது. தட்டின் ஓரம் நெஞ்சோடு சேரும் கடினமான பகுதியை அழுத்திக்கொண்டிருக்க, படமாக வேண்டிய மென்திசு ஏறக்குறைய அழுத்தமின்றிக் கிடந்தது. கருவியின் திரையில் தெரியும் எண் மொத்த விசையை மட்டுமே சொல்வதால், அந்த எண்ணைப் பார்த்து நன்றாக அமுக்கப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்வது, தராசில் பொருளோடு கையையும் வைத்து எடை பார்ப்பதற்கு ஒப்பானது.

இங்கேதான் விசை என்பதையும் அழுத்தம் என்பதையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. தட்டு கொடுக்கும் மொத்தத் தள்ளுதல் விசை. அதை நியூட்டன் என்ற அலகால் அளக்கிறார்கள், 100 நியூட்டன் என்பது ஏறத்தாழ 10 கிலோ எடை அமர்வதற்குச் சமம். அந்த விசை எவ்வளவு பரப்பின் மேல் பகிரப்படுகிறது என்பதைப் பொறுத்ததே அழுத்தம். 120 நியூட்டன் விசை 150 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பெரிய மார்பகத்தின் மேல் விழும்போது அழுத்தம் 8 கிலோபாஸ்கல், அதாவது இரத்த அழுத்தம் சொல்லப்படும் அளவில் 60 மில்லிமீட்டர் பாதரசம். அதே விசை 50 சதுர சென்டிமீட்டர் மட்டுமே தட்டைத் தொடும் சிறிய மார்பகத்தின் மேல் விழும்போது 24 கிலோபாஸ்கல், அதாவது 180 மில்லிமீட்டர் பாதரசம். இருவருக்கும் ஒரே எண்ணை இலக்காக வைத்துக்கொண்டு ஒரே பரிசோதனை நடந்ததாக எழுதிக்கொள்வது, ஒருத்தியின் உடல் தாங்கியது மற்றவள் தாங்கியதைப் போல் மூன்று மடங்கு என்பதை மறைத்துவிடுகிறது. சிறுமார்பினர் மிகுதியாக வலிக்கிறது என்று சொன்னால் அவர்கள் சொல்வது இயற்பியல். அதை மனத்தளர்ச்சி என்று குறித்துக்கொள்பவர் அளவுகோலைத்தான் தவறாகப் படிக்கிறார்.

ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2013 முதல் முன்வைத்த தீர்வு இந்த அடிப்படையில் எழுந்தது: விசையை இலக்காக்காமல், ஒவ்வொருவரின் மார்பகம் தட்டைத் தொடும் பரப்பை அளந்து, அழுத்தத்தை 10 கிலோபாஸ்கல், அதாவது 75 மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவுக்கு ஒழுங்குபடுத்துவது. இதனால் படத்தின் தரம் கெடும் என்ற அச்சத்துக்கு நெதர்லாந்தின் ஸ்கிரீனிங் பதிவுகளே விடையளித்தன. நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் நோயில்லாதவர்களை நோயிருப்பதாக ஐயுற்று மீண்டும் அழைப்பது கூடக்கூடும் என்றும், அழுத்தம் மிகுதியானால் இருக்கும் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் திறன் குறையக்கூடும் என்றும் காட்டியது. இக்கண்டுபிடிப்பின் பின்பாதி, நிலவும் கருத்தைத் தலைகீழாக்குகிறது. அளவுக்கு மிஞ்சி அமுக்குவது வலியைத் தந்து தெளிவைப் பெறும் வணிகம் என்று இதுவரை சொல்லப்பட்டது. உண்மையிலோ அது வலியையும் தந்து தெளிவையும் இழக்கக்கூடிய வணிகம். மார்பகத்தைப் பல கோணங்களில் படமெடுத்து மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் டோமோசிந்தசிஸ் என்னும் புதிய முறையில் திசுக்களின் மேற்படிதல் படத்திலேயே பெருமளவு நீக்கப்படுவதால், அங்கே இறுக்கத்தின் தேவை மேலும் குறைகிறது. மால்மோவில் 2010-இல் விசையைப் பாதியாகக் குறைத்து எடுத்த டோமோசிந்தசிஸ் படங்களை ஒப்பிட்டபோது, தரத்தில் குறிப்பிடத்தக்க இழப்பு காணப்படவில்லை.

வலி பெண்ணின் அச்சத்திலிருந்து பிறக்கிறது என்ற மூன்றாம் கிளை, பாதி உண்மையை முழு உண்மையாக விற்கிறது. அச்சமும் எதிர்பார்ப்பும் வலியுணர்வைக் கூட்டுகின்றன என்பது உளவியலில் நிறுவப்பட்ட செய்தி. ஆனால் வலி முழுவதும் பெண்ணிடமிருந்தே பிறக்கிறது என்றால், அமுக்கும் கை மாறும்போது அமுக்கம் மாறக் கூடாது. பிரிட்டனின் சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வுகள் நேர்மாறானதைக் கண்டன. படமெடுக்கப் பயிற்சி பெற்ற பணியாளரான ரேடியோகிராபர்களில் சிலர் எப்போதும் குறைவாகவும், சிலர் நடுத்தரமாகவும், சிலர் எப்போதும் மிகுதியாகவும் அமுக்குபவர்களாக இருந்தார்கள். கொடுக்கப்பட்ட விசை, வந்த பெண்ணின் மார்பக இயல்பைக் காட்டிலும் அன்று பணியில் இருந்தவர் யார் என்பதையே பெரிதும் சார்ந்திருந்தது. ஆறாண்டுகளாகத் தொடர்ந்து வந்த பெண்களின் பதிவுகளை நோக்கியபோது, அதே பெண் வெவ்வேறு சுற்றுகளில் வெவ்வேறு விசைக்கு உட்பட்டிருந்தாள். சென்ற முறை இவ்வளவு வலிக்கவில்லையே என்று கேட்கும் பெண்ணுக்கு, உங்கள் பயம்தான் காரணம் என்று விடை சொல்லப்படுமானால், அந்த விடை அறியாமையால் சொல்லப்படுவது என்றே கொள்ள வேண்டும். காரணம் பல வேளைகளில் பணியாளர் பட்டியலில் இருக்கிறது.

அமுக்கத்தின் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இன்னும் ஆழமாகத் தொட்டது பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு. பங்கேற்பவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்பு ஆய்வான அது, ஆறு புற்றுநோய் மையங்களில், 50 முதல் 75 வயது வரையிலான 549 பெண்களிடம் நடத்தப்பட்டு, 2019-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. ஒரு பிரிவில் வழக்கம்போல் ரேடியோகிராபர் அமுக்கினார்; மற்றதில் அவர் மார்பகத்தை முறையாக நிலைப்படுத்திய பிறகு, பெண் தன் கையில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியால் தானே அமுக்கிக்கொண்டாள். தானே அமுக்கிக்கொண்ட பிரிவில் மார்பகத் தடிமன் மற்ற பிரிவைவிட மோசமாக இல்லை. கொடுக்கப்பட்ட விசை மற்ற பிரிவைவிடக் கூடுதலாக இருந்தது. உணர்ந்த வலியோ குறைவாக இருந்தது. பெண்களிடம் கட்டுப்பாட்டை விட்டால் அவர்கள் தளர்வாக அமுக்கிப் படத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்ற ஐயம் இதோடு அடிபட்டுப் போகிறது.

விசை கூடியும் வலி குறைந்தது என்றால் வலி மனத்தைச் சார்ந்தது என்பதுதானே மெய்ப்படுகிறது என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். அக்கேள்வி அதன் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதில்லை. மனத்தின் பங்கு உண்டு என்றால், மனத்தை நடத்தும் முறையும் பரிசோதனையின் ஒரு பகுதி ஆகிறது. எப்போது இறுகும், எவ்வளவு இறுகும், எப்போது விடும் என்று தெரியாமல் பிறர் கையில் நிற்பதும், அவற்றைத் தன் விரலால் தீர்மானிப்பதும் உடலுக்கு இரு வேறு நிகழ்வுகள். முதல் நிலையைத் தேர்ந்தெடுத்தது பெண் அல்ல, பரிசோதனையை வடிவமைத்தவர்கள். ஆகவே அதிலிருந்து பிறக்கும் வலிக்குப் பெண்ணின் மனநிலையைக் குற்றம் சாட்டுவது, கதவை வெளியே பூட்டிவிட்டு உள்ளே இருப்பவர் ஏன் பதறுகிறார் என்று கேட்பதாகும். பெண்ணே இயக்கக்கூடிய கைக்கருவியோடு கூடிய மேமோகிராம் எந்திரத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இலேயே இசைவு அளித்துவிட்டது. இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று ஒதுக்கிவிட இனி இயலாது.

வலியைப் பற்றிப் பேசினால் பெண்கள் அஞ்சி விலகுவார்கள் என்ற நான்காம் கிளையைச் சான்றுகள் நேரடியாகவே மறுக்கின்றன. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன், மேமோகிராம் வலியைக் குறைக்கும் வழிகள் பற்றி 2008-இல் வெளியிட்ட மீளாய்வில், 1,671 பெண்கள் பங்கேற்ற ஏழு சமவாய்ப்பு ஆய்வுகளைப் பரிசீலித்தது. என்ன நடக்கப்போகிறது, எதனால் அமுக்கப்படுகிறது, எப்படி உணரக்கூடும் என்பதை எழுத்தாலோ பேச்சாலோ முன்கூட்டித் தெரிவிப்பது வலியைக் குறைக்கக்கூடும் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. மறைத்து வைத்தால் வலி மறைந்துவிடுவதில்லை. சொல்லாமல் விடப்பட்ட வலி எதிர்பாராத வலியாகி இரட்டிப்பாகிறது. பரிசோதனை அறையில் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவர் வீடு திரும்பித் தம் தங்கையிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லும் செய்தி, எந்தத் துண்டறிக்கையைக் காட்டிலும் தொலைவாகப் பரவுகிறது.

தீர்வுகள் எல்லாம் சமமான மதிப்புடையவை என்று இதிலிருந்து கொள்ளக் கூடாது. வலியைப் பொருட்படுத்துவோர்க்கும் சான்றை மதிக்கும் கடமை உண்டு. வருவதற்கு முன் ஒரு பாராசிட்டமால் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்ற எளிய அறிவுரை பயன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 418 பெண்களிடம் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் வேதனையைக் குறைக்கவில்லை. தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பை முன்கூட்டியே மார்பிலும் மார்புச் சுவரிலும் தடவியது குறைத்தது. தட்டின் மேல் வைக்கப்படும் மெத்தை போன்ற தடுப்புகள் வலியைக் குறைத்தாலும், ஏறத்தாழ 2 விழுக்காட்டினரின் படங்கள் படித்தறிய இயலாதபடி கெட்டதாகக் காக்ரேன் மீளாய்வு பதிவு செய்தது. அப்படியானால் மீண்டும் அமுக்க வேண்டி வரும் என்பதால் இது எச்சரிக்கையோடு கையாள வேண்டிய வழி. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பகம் கனத்து நொந்திருக்கும் ஆதலால், அது முடிந்த அடுத்த வாரத்தில் நாள் குறிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. கேட்டுக் குறிக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே. படம் பதிந்த நொடியில் தட்டு தானே விலகும்படி அமைப்பதும், நிறுத்துங்கள் என்ற ஒரு சொல்லுக்கு அமுக்கம் நிற்கும் என்று தொடங்கும் முன்பே உறுதி தருவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இவையெல்லாம் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் செய்தி என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிடலாகாது. இந்தியாவில் 2016-இல் வகுக்கப்பட்ட அரசு வழிகாட்டல், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் கையால் தொட்டுப் பார்க்கும் மார்பகப் பரிசோதனையையே ஸ்கிரீனிங் முறையாகக் கொண்டிருக்கிறது. அம்முறையை மும்பையில் 20 ஆண்டுகள் ஆராய்ந்த பெரிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மேமோகிராம் இங்கே பெரும்பாலும் தனியார் உடல்நலப் பரிசோதனைத் தொகுப்புகளிலும், நடமாடும் ஊர்திகளிலும், ஐயம் எழுந்தபின் மருத்துவமனையிலும் எடுக்கப்படுகிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்நோய் இளவயதிலேயே தோன்றுவது மிகுதி என்பதால், தட்டின் முன் வந்து நிற்பவர்களில் மாதவிடாய் நிற்காதவர்களும் பலர். நாள் குறிப்பதில் காட்டும் அக்கறை அவர்களுக்கு மேலும் பயன்படும். தமிழ்ப் பெண்களும் வாழும் மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஆசியப் பெண்களின் மேமோகிராம் அமுக்கத்தை ஆராய்ந்து, சிறிய மார்பகங்களின் மேல் அழுத்தம் மிகுந்துபோவதையும் விசையைக் குறைக்க இடமிருப்பதையும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வேற்றுநாட்டு அளவுகளை அப்படியே இங்கே இறக்கிக்கொள்வது இங்குள்ள உடல்களுக்குக் கூடுதல் வலியாக முடியக்கூடும்.

தமிழ்ச் சூழலில் அந்த ஐந்து கிளைகளோடு ஆறாவது ஒன்றும் முளைத்திருக்கிறது. பிள்ளைப்பேற்று வலியையே தாங்கியவளுக்கு இது எம்மாத்திரம் என்ற சொல், ஆறுதலைப் போல ஒலித்தாலும், பெண்ணின் கடந்தகால வலியை அவளுடைய நிகழ்கால வலிக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறது. பொறுமையைப் பெண்ணுக்கு அணிகலன் என்று புகழ்ந்து பழகிய சமூகத்தில், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதே ஒரு தோல்வியாக உணரப்படுகிறது; சொல்லாதவர்களின் மௌனம் அறைக்கு வெளியே வலி இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிள்ளைப்பேற்றில் வலி தாயின் உடலிலிருந்து எழுகிறது. மேமோகிராமில் வலியின் அளவை ஒரு பொத்தானும் அதை அழுத்தும் விரலும் தீர்மானிக்கின்றன. முன்னதைத் தாங்கினாள் என்பது பின்னதைத் திருத்தாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

இன்றைய மேமோகிராம் எந்திரம் ஒவ்வொரு படத்தோடும் அமுக்கிய விசை எவ்வளவு, அமுக்கப்பட்ட மார்பகத்தின் தடிமன் எவ்வளவு, செலுத்தப்பட்ட கதிர்வீச்சு எவ்வளவு என்று தானாகவே எழுதி வைத்துவிடுகிறது. தட்டைத் தொட்ட பரப்பையும் கணக்கிட்டால் அழுத்தம் எவ்வளவு என்பதும் கிடைத்துவிடும். அமுக்கப்பட்டவருக்கு எவ்வளவு வலித்தது என்பதற்கு மட்டும் அந்தப் பதிவில் இடம் இல்லை. படம் முடிந்ததும் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள அரை நிமிடம் போதும். அந்த எண் எழுதப்படத் தொடங்கினால், எந்த அறையில், எந்தக் கருவியில், எந்த அளவு அழுத்தத்தில் வலி மிகுகிறது என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதைத் திருத்தாமல் இருப்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு பெண்ணிடமிருந்து நிறுவனத்துக்கு மாறிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இதுவரை சொல்லி வந்தவர்கள், எவ்வளவு வலித்தது என்று கேட்கத் தொடங்க வேண்டிய காலம் இது. அந்தக் கேள்விக்கு வரும் விடையை அடுத்த அழைப்புக் கடிதம் போகும் முன் படித்துப் பார்ப்பதும் அவர்களுடைய பணியே.